எல்லையில் ஆள் குறைந்தால் நாட்டுக்கு என்ன ஆகும்?

‘எல்லையில ஆள் இல்லாட்டி நாடு கையை விட்டுப் போயிரும்’ என்று ஒருவர் சொல்வார். ‘அங்க சனத்தைக் கொண்டுபோய்க் குடியேத்தினாத்தான் பாதுகாப்பு’ என்று அடுத்தவர் எடுத்துக் கொடுப்பார். தேத்தண்ணிக் கடையிலும் முகநூலிலும் தேர்தல் மேடையிலும் இந்த இரண்டு வசனங்களும் சோடியாகவே வரும். முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது, பல நாடுகளைப் பெரிய சிக்கலில் மாட்டிவிட்ட யோசனை. உண்மையில் அங்கே என்னதான் நடக்கிறது என்பதை, இந்த விஷயத்தை முதன்முறை வாசிப்பவருக்கும் விளங்குகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

இலங்கைக்கு நில எல்லையே கிடையாது, சுற்றிவரக் கடல், பிறகு நமக்கு ஏன் இந்தக் கதை என்று கேட்கலாம். ஆனால் மட்டக்களப்பு, அம்பாறையில் வாழ்கிறவர்களுக்கு எல்லை என்றால் என்னவென்று தனியாகப் படிப்பிக்கத் தேவையில்லை. மாவட்ட எல்லை, காட்டு எல்லை, வாவிக்கு இந்தக் கரை அந்தக் கரை என்று நாட்டுக்குள்ளேயே எத்தனையோ கோடுகளைப் பார்த்துவிட்டோம். இரண்டு நாடுகளுக்கு நடுவில் நடப்பதும் பெரும்பாலும் அதே சங்கதிதான், அளவுதான் பெரிது.

## காட்டோர வயல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு வட்டையை, அதாவது வயல்வெளியை, எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே காடு. காட்டோடு ஒட்டிய கடைசி வயல் ஒருவருடையது. வேளாண்மை செய்கிற போகத்தில் அவர் இரவு முழுக்க வாடியிலோ பரணிலோ கிடப்பார். யானை இறங்கும்போது கொப்பு முறிகிற சத்தம் அவருக்குத்தான் முதலில் கேட்கும். யானை வெடி போடுவார், கத்துவார், அடுத்த வாடிக்காரருக்குப் போன் அடிப்பார். தனி ஆள், கையில் துவக்கும் இல்லை, ஒரு யானையை அவரால் தடுத்து நிறுத்தவும் முடியாது. ஆனாலும் அவர் அங்கே கிடப்பதால் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் கொஞ்ச நேரம் கிடைக்கிறது, அந்த நேரம்தான் பெரிய விஷயம்.

இப்போது அவர் பசளை விலை கட்டாமல், கடன்பட்டு, கட்டாருக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். முதல் போகத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அடுத்த போகத்தில் அந்த வயலில் புல்லும் பற்றையும் வளர்ந்துவிடும், யானையைப் பொறுத்தவரை அதுவும் காடுதான். அதுவரை இரண்டாவது வரிசையில் நிம்மதியாக இருந்தவரின் வயல் இப்போது காட்டோர வயல். அவரும் விட்டால் மூன்றாமவர். காணி உறுதியில் ஒரு பேர்ச்சும் குறைந்திருக்காது, ஆனால் எல்லை உள்ளே நடந்து வந்திருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சும்மா கிடக்கிற அந்த வயலின் ஒரு மூலையைப் பக்கத்துக் காணிக்காரர் உழத் தொடங்கி, யாரும் ஏன் என்று கேட்காவிட்டால், ‘பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தேன்’ என்று பிறகு ஒருநாள் கோட்டில் வந்து நிற்பார்.

ஆக, காட்டோரத்தில் இருந்தவர் தனக்கே தெரியாமல் மூன்று வேலை பார்த்திருக்கிறார்: வருவதை முதலில் கண்டு சொன்னார், காணிக்குச் சொந்தக்காரர் உண்டென்று காட்டினார், இடம் வெறுமையாகாமல் பார்த்துக்கொண்டார். எல்லையோர மக்கள் ஒரு நாட்டுக்குச் செய்வதும் இதைத்தான்.

## முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம்

ஒரு சதுர கிலோமீற்றரில் சராசரியாக எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை மக்களடர்த்தி என்கிறார்கள். 2012 கணக்கெடுப்பின்படி இலங்கைக்கு இது 325 அளவில், முல்லைத்தீவு மாவட்டத்துக்கு 40 கூட இல்லை. சீன எல்லையில் இருக்கிற இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில் 2011இல் 17. மொங்கோலியாவில் இரண்டு சொச்சம்.

இந்த எண் மட்டும் கையில் இருந்தால் ஏமாந்துபோவோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் சராசரியைக் கேட்டால், காத்தான்குடியில் மதிலோடு மதில் ஒட்டி வாழ்கிறவர்களையும் கிரானுக்கு மேற்கே காட்டுப் பக்கம் எங்கோ ஒரு வீடு இருக்கிறவர்களையும் கூட்டிப் பிரித்து ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குப் பொருந்துகிற ஊரை நீங்கள் எங்கும் காணமாட்டீர்கள். கணக்கெடுப்பு பெரும்பாலும் வீட்டை வைத்துத்தான் எண்ணுகிறது என்பது இன்னொரு சிக்கல். பதிவில் ஆளே இல்லாத இடத்தில் பட்டிக்காரர்கள் மாதக்கணக்கில் மாட்டோடு தங்கியிருப்பார்கள். ‘வெறும் காடு’ என்று கொழும்பில் வரைபடத்தைப் பார்த்துச் சொல்கிற இடம் பலநேரம் வெறுமையே இல்லை. உலகம் முழுக்க எல்லைச் சண்டைகளில் பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

## கண்டு சொல்கிறவர்கள்

1999 கார்கில் யுத்தம் எப்படி வெளியே தெரிந்தது என்று பாருங்கள். அந்த மலை உச்சிக் காவல் நிலைகளைக் குளிர்காலத்தில் விட்டு இறங்கிவிடுவது வழக்கம். அந்த வருடம் பாகிஸ்தான் தரப்பு இந்தியப் பக்கத்து உச்சிகளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மே மாதத் தொடக்கத்தில் அதைக் கண்டு இந்திய இராணுவத்துக்குச் சொன்னவர்கள் அந்த ஊர் மேய்ப்பர்கள். அவர்களில் ஒருவர் காணாமற்போன யாக் மாட்டைத் தேடிப் போனவர். பெரிய உளவு அமைப்புக்குப் படாதது மாடு தேடிப் போனவரின் கண்ணில் பட்டது.

அதே இந்தியாவின் இன்னொரு மூலையில் நடந்தது நேர்மாறு. அக்சாய் சின் சுமார் 38,000 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையில் பாதிக்கு மேல். உப்பு வெளி, நிலையான குடியிருப்பு கிடையாது. சீனா அதனூடாக ஒரு றோட்டைப் போட்டு 1957இல் முடித்தது. தாங்கள் உரிமை கோருகிற நிலத்துக்குள்ளால் அந்த றோட்டு போகிறது என்பது டெல்லிக்கு உறுதியானது அதற்குப் பிறகுதான். அங்கே ஒரு புல்லும் முளைக்காது என்று நேரு பாராளுமன்றத்தில் சொன்னதை இன்றுவரை அவருக்கு எதிராக எடுத்துக் காட்டுகிறார்கள். 1962இல் இரண்டு நாடும் போரில் இறங்கின, அந்த நிலம் இன்றும் சீனாவிடம்.

கார்கிலிலும் சனம் ஒன்றும் நெருக்கமில்லை. ஆனால் போய்வருகிற சிலர் இருந்தார்கள், கண்டதைப் போய்ச் சொல்லவும் அவர்களுக்கு மனம் இருந்தது. அந்த மனம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

## சொந்தம் என்று காட்டுவது

ஓரிடத்தில் ஒரு நாடு உண்மையிலேயே ஆட்சி நடத்திக் காட்டுவதைச் செயல்முறை ஆட்சி என்று சொல்லலாம். சட்டம் போடுவது, வரி எடுப்பது, அனுமதிப் பத்திரம் கொடுப்பது, விபத்து நடந்தால் விசாரிப்பது எல்லாம் இதில் அடங்கும். நாடுகள் நிலத்துக்கு வழக்குப் பேசும்போது, ‘நாங்கள்தான் முதலில் கண்டோம்’ என்பதைவிட இதற்குத்தான் கனம் அதிகம். பிலிப்பைன்சுக்கும் இந்தோனேசியாவுக்கும் நடுவிலுள்ள பல்மாஸ் தீவு வழக்கில் 1928இல், அப்போது பிலிப்பைன்சை ஆண்ட அமெரிக்கா தோற்று, இந்தோனேசியாவை ஆண்ட நெதர்லாந்து வென்றது இதனால்தான். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரு சின்னப் பாறைத் தீவுக்காக வழக்காடியபோது, அங்கே வெளிச்சவீட்டை நெடுங்காலம் நடத்தி வந்ததும் அதைச் சுற்றிச் செய்த மற்ற அலுவல்களும் சிங்கப்பூருக்குக் கைகொடுத்தன. 2008இல் சர்வதேச நீதிமன்றம் பெத்ரா பிராங்கா தீவைச் சிங்கப்பூருக்கே கொடுத்தது. அந்தத் தீவில் குடியிருந்த சனம் என்று யாரும் இல்லை.

இதைவிட நமக்குத் தேவையான தீர்ப்பு 1933இல் வந்தது. கிழக்குக் கிறீன்லாந்தில் ஆள் இல்லை, ஆகவே அது யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி 1931இல் நோர்வே அதைத் தனதாக அறிவித்தது. டென்மார்க் வழக்குக்குப் போய் வென்றது. ஆள் மிகக் குறைந்த அல்லது குடியேற்றமே இல்லாத இடங்களில் ஆட்சியின் அடையாளம் கொஞ்சம் இருந்தாலே போதும் என்பதுதான் நீதிமன்றம் எடுத்த நிலை. ‘சனம் இல்லாட்டி உரிமையும் இல்லை’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருக்கால் பார்ப்பது நல்லது.

## வெற்றிடம் எப்படி நிரம்புகிறது

உள்நாட்டு அமைதியைக் குலைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது விஷயம்தான். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அரச இருப்பு என்று ஒரு சொல் வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் அரசாங்கம் அன்றாடம் கண்ணில் படுகிற அளவுதான் அது. பலர் இதை இராணுவ முகாம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். முகாமும் அதில் ஒன்று, ஆனால் ஆசிரியர் நேரத்துக்கு வருகிற பள்ளிக்கூடம், பாம்பு கடித்தால் வந்து சேர்கிற அம்புலன்ஸ், கடைசி பஸ், காணிப் பத்திரம், முறைப்பாட்டை எழுதிக்கொள்கிற பொலிஸ், இவையெல்லாம் சேர்ந்ததுதான் இருப்பு. ஆள் குறைந்த இடத்தில் இதையெல்லாம் கொடுக்கத் தலைக்குச் செலவு கூடும். நாற்பது பிள்ளைக்கும் ஒரு ஆசிரியர், நாலு பிள்ளைக்கும் ஒரு ஆசிரியர். வாக்கும் குறைவு. எனவே எந்த அரசாங்கமும் முதலில் கைவைப்பது அங்கேதான். சேவை குறையக் குறைய இளசுகள் கிளம்பிப் போகும், ஆள் இன்னும் குறையும், அதைக் காட்டியே அடுத்த சேவையையும் எடுப்பார்கள்.

மாலி நாட்டின் வடக்கு இதற்குக் கண்முன்னே இருக்கிற உதாரணம். நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சனத்தில் பத்தில் ஒன்று அளவுதான். பாலைவனம், கடத்தல் பாதைகள், தலைநகரான பமாக்கோ வெகுதூரம். அங்கே வாழ்கிற துவாரெக் மக்களுக்கு அரசின் மேல் நெடுநாள் கோபம். 2012 ஜனவரியில் கிளர்ச்சி தொடங்கியது, ஏப்ரலில் தனிநாடு என்றே அறிவித்தார்கள், பிறகு ஆயுதம் தரித்த மதத் தீவிரவாதக் குழுக்கள் அந்தக் கிளர்ச்சியையே விழுங்கிவிட்டன. அந்தத் தீ இன்னும் அணையவில்லை, பக்கத்து நாடுகளுக்கும் பரவிவிட்டது.

இனி நம் வாவிக்கு வருவோம். போர்க்காலத்தில் நெடுங்காலம் எழுவான்கரை இராணுவத்திடமும் படுவான்கரை புலிகளிடமும் இருந்தது. வாவிதான் எல்லை, வவுணதீவுப் பக்கம் சோதனைச்சாவடி. கிழக்கே கடலோரப் பட்டியில் சனம் நெருக்கம், மேற்கே வயலும் காடும் சிதறின ஊர்களும். மண்முனைத்துறையில் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறி அக்கரை போனால் நிருவாகமே வேறு. 2002 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வழக்கும் பொலிசும் வரியும் இயக்கத்தின் கையில், ஆனால் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்கத்தினுடையது, பிள்ளை எழுதினதும் அரசாங்கப் பரீட்சை. அரச இருப்பு என்பது மின்குமிழ் மாதிரி ஒன்றில் எரிவதோ அணைவதோ இல்லை என்பதை நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார்?

படுவான்கரை அப்படிப் போனதற்கு ஆள் குறைவும் காடும் மட்டும்தான் காரணம் என்றால் அது பாதிக் கதை. 1991 யூனில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த படுகொலைக்கு இராணுவத்தினரே பொறுப்பு என்று அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவே கண்டது. கண்டதைப் போய்ச் சொல்கிற மனம் எங்கிருந்து வரும் என்று மேலே விட்டிருந்தேன் அல்லவா? யாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமோ அவரைக் கண்டாலே ஓட வேண்டியிருந்தால் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். 2007 யூலையில் குடும்பிமலைக் காடு வரை இராணுவத்திடம் வந்தது. ஆனால் அக்கரைச் சனத்துக்கு அரசாங்கம் கிட்ட வந்த மாதிரித் தெரிந்தது, என் கணக்கில், 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோதுதான்.

சுருக்கமாக: ஆள் குறைவு வெற்றிடத்துக்கு வழிவிடும். அந்த வெற்றிடம் ஆபத்தாவது, இருக்கிற கொஞ்சப் பேரும் அரசை நம்பாதபோதும், அதை நிரப்ப வேறொருவர் தயாராக நிற்கும்போதும்தான்.

## ஆள் குறைந்தும் பிரச்சினை இல்லாத எல்லைகள்

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் 8,891 கிலோமீற்றர் எல்லை. பெரும்பகுதி காடும் புல்வெளியும் மலையும்தான், மைல்கணக்கில் ஆளைக் காணமாட்டீர்கள். வர்த்தகச் சண்டை, வாய்ச்சண்டை எல்லாம் உண்டு, ஆனால் எல்லை ஆள் குறைந்து கிடக்கிறது என்பதற்காக அங்கே யாரும் படை குவிப்பதில்லை. மொங்கோலியா ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கிறது, நாடு நாடாகத்தான் இருக்கிறது.

இணையத்தில் அடிக்கடி ஓடுகிற ஒரு கதையையும் இங்கே பார்த்துவிடலாம். ரஷ்யாவின் தூரகிழக்கில் ஆள் இல்லை, பக்கத்துச் சீனாவில் கோடிக்கணக்கில் சனம், ஆகவே சீனர்கள் மெல்ல மெல்ல நிரம்பி அதைப் பிடித்துவிடுவார்கள் என்பது அந்தக் கதை. முதல் இரண்டும் சரி: தூரகிழக்கில் சதுர கிலோமீற்றருக்கு ஒருவர் அளவுதான், எல்லைக்கு அப்பால் சீனாவின் மூன்று வடகிழக்கு மாகாணங்களில் 10 கோடிக்குக் கிட்ட. ஆனால் சனம் தண்ணீர் அல்ல, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடுவதற்கு. அந்த மூன்று மாகாணங்களிலேயே 2010க்கும் 2020க்கும் இடையில் சுமார் 1 கோடியே 10 இலட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். அங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கு வேலை தெற்கே, ஷாங்காய்ப் பக்கம்தான். 1969இல் உசூரி ஆற்றுத் தீவுக்காகச் சுட்டுக்கொண்ட அந்த இரண்டு நாடுகளும் 2008இல் எல்லையை முழுமையாக வரைந்து முடித்துவிட்டன. ரஷ்யா 2016இல் ஒரு சட்டம் போட்டு, தூரகிழக்குக்கு வருகிறவர்களுக்கு ஒரு ஹெக்டேயர் நிலத்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் அங்கே சனத்துக்கு இல்லாதது நிலமா என்ன?

## ‘அப்ப ஆட்களைக் கொண்டுபோய் விடுவோம்’

டெக்சாசை எடுங்கள். 1821இல் சுதந்திரமடைந்த மெக்சிக்கோவிடம் அது இருந்தது. ஆள் மிகக் குறைவு, கொமான்சி என்ற பழங்குடி மக்களின் தாக்குதல் வேறு. நிலத்தை நிரப்பினால் பாதுகாப்பு என்று நினைத்து, அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கே காணி கொடுத்தார்கள். சில வருடங்களில் வந்தவர்கள் இருந்தவர்களைவிடக் கூடிவிட்டார்கள். பதறிப்போய் 1830இல் மெக்சிக்கோ தடை போட்டது, காலம் கடந்துவிட்டது. 1836இல் டெக்சாஸ் தனியாகப் பிரிந்தது, 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. வெறுமையாக இருந்தவரை மெக்சிக்கோவிடம் இருந்த நிலம், நிரப்பிய பிறகு போய்விட்டது.

சொந்த நாட்டு மக்களைக் கொண்டுபோய் விட்டால் சரிதானே என்பார்கள். அதற்குப் பதில் அம்பாறையில் இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெரிய நீர்ப்பாசன வேலை, இங்கினியாகலை அணை இல்லாவிட்டால் இன்றைய அம்பாறை வயல்களில் பெரும்பகுதி இல்லை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் யார் எங்கே குடியேறுவது, ஏற்கனவே இருந்த தமிழ், முஸ்லிம் ஊர்களுக்குத் தண்ணீரும் காணியும் எவ்வளவு என்ற கேள்விகளைத் தீர்க்காமலே ஆட்களை இறக்கியதால் கசப்பு வளர்ந்தது. 1956 யூனில் தனிச் சிங்களச் சட்டத்தோடு வெடித்த வன்முறையில் கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வடக்கில் மணலாற்றுப் பக்கம் நடந்தது இன்னும் அப்பட்டம். கென்ற், டொலர் பண்ணைகளில் இருந்த தமிழ்க் குடும்பங்களை வெளியேற்றிவிட்டுச் சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுபோய் வைத்தார்கள். 1984 நவம்பரில் புலிகள் புகுந்து அவர்களைக் கொன்றார்கள். முன்வரிசையில் நிற்க விடப்பட்டவர்கள் ஏழைகள், செத்ததும் அவர்கள்தான்.

இடத்தின் மேல் உரிமை கோருகிற இரண்டு கூட்டங்களை அருகருகே வைத்துவிட்டு, ஒன்றுக்கு மட்டும் அரசின் கை இருந்தால், வெளியாள் வரத் தேவையே இல்லை. ஆபத்து உள்ளேயே முளைத்துவிடும்.

## இருக்கிறவர்கள் போகாமல் பார்ப்பது

நோர்வே வேறு வழி பிடித்தது. ரஷ்யாவோடு 198 கிலோமீற்றர் எல்லை இருக்கிற ஃபின்மார்க் மாகாணத்தில் சதுர கிலோமீற்றருக்கு இரண்டு பேர் கூட இல்லை, கடும் குளிர், மாரியில் சூரியனே எழாது. 1990இலிருந்து அங்கே வாழ்கிறவர்களுக்கு வருமான வரி குறைவு, படிப்புக்கு எடுத்த கடனில் வருடா வருடம் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறார்கள். அதனால் அங்கே சனம் குவிந்துவிடவில்லை. ஆனால் ஒரு தாதியும் ஒரு ஆசிரியரும் இன்னும் இரண்டு வருடம் இருந்து பார்ப்போம் என்று யோசிக்க அது காரணமாகிறது. இந்தியாவும் சீன எல்லைப் பக்கத்து ஊர்களுக்காக 2023இல் 4,800 கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கியது, முதல் கட்டத்தில் 663 கிராமம். றோட்டு, மின்சாரம், தொலைபேசி என்று பழைய பட்டியல்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் திபெத்தில் சீனா 600க்கும் மேற்பட்ட கிராமங்களைக் கட்டியிருப்பதுதான் இந்த அவசரத்துக்குக் காரணம்.

நம் பக்கத்தில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரையைப் பாருங்கள். மாவட்டத்தின் மேற்குக் கோடி, வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, மக்களடர்த்திக் கணக்கில் பூச்சியம். ஆனால் பல்லாயிரம் மாடும் அவற்றின் பின்னால் பட்டிக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். வெளி மாவட்டத்தவர்கள் வந்து மேய்ச்சல்தரையை உழுகிறார்கள், மாடுகளைக் கொல்கிறார்கள் என்று 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் தெருவோரம் உட்கார்ந்து போராடத் தொடங்கினார்கள். காணி யாருடையது என்ற சட்டக் கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நாட்டுப் பாதுகாப்பு என்ற கண்ணாடியால் மட்டும் பார்த்தாலும், அந்தக் காட்டில் இரவில் தெரியாத வாகனத்தின் வெளிச்சம் ஒன்று தெரிந்தால் முதலில் காண்கிறவர் மாட்டுக்குக் காவல் இருக்கிற பட்டிக்காரர்தான். அதை மேய்ச்சல்தரையாக வர்த்தமானியில் அறிவியுங்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. அறிவித்தால், அந்த வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லப் பொலிசுக்குப் போகிறவரிடம் ‘நீ அங்க என்ன செய்யிறாய்?’ என்று முதலில் யாரும் கேட்க முடியாது.